கேர்னல் ட்ரைவரில் பெரிய நினைவகத் துண்டு கிடைக்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

“அண்ணை, எட்டு ஜிபி ரேம் கிடக்கு, நாலு எம்பி தரமாட்டன் எண்டு நிக்குது.” இங்கே யாழ்ப்பாணத்தில் லினக்ஸ் ட்ரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள், எழுதப் பழகும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் கேள்வி இதுதான். கூடவே போனில் பிடித்த ஒரு படம் வரும், அதில் பிழைச் செய்தியின் கடைசி மூன்று வரி மட்டும் தெரியும். கடைசி மூன்று வரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கேர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டை முழுதாக ஒரு கோப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். கேர்னலின் பதிப்பு என்ன, அது 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கோடில் கை வைக்க முதல் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த நினைவகம் பௌதிக முகவரியில் ஒரே தொடராக இருக்க வேண்டும் என்று கேட்பது யார்? சிபியு மட்டும் படித்து எழுதும் பஃபர் என்றால் யாரும் கேட்கவில்லை, பேஜ்கள் (நினைவகத்தின் சிறு துண்டுகள்) எங்கே சிதறிக் கிடந்தாலும் பேஜ் டேபிள் அவற்றைச் சிபியு பார்க்கும் மெய்நிகர் முகவரியில் ஒட்டிக் காட்டிவிடும். சாதனம் நேரடியாக எழுதும் டிஎம்ஏ பஃபர் என்றால், அந்தச் சாதனத்துக்குச் சிதறல் பட்டியல், அதாவது ஸ்கேட்டர் கேதர், புரியுமா, கணினியில் சாதனத்துக்கான முகவரிகளை மாற்றிக் கொடுக்கும் ஐஓஎம்எம்யு இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லாத சாதனத்துக்குத்தான் உண்மையிலேயே தொடர் நினைவகம் தேவை. நான் பார்த்த சோலிகளில் பெரும்பாலானவை, தேவையே இல்லாத இடத்தில், தொடர் நினைவகம் மட்டுமே தரும் கேமலாக் போட்டுத் தொடர்ச்சியைக் கேட்டதால் வந்தவை. கீழே வரும் அறிகுறிகளில் உங்களுடையதைத் தேடும்போது இந்தப் பதில் கையில் இருக்கட்டும், ஏனென்றால் ஒரே அறிகுறிக்கு இரண்டு பேருக்கு இரண்டு வேறு மருந்து வரும்.

பூட் ஆனதும் நன்றாக ஓடுகிறது, சில நாள் போனதும் “பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர்”

இந்தச் செய்தியின் முதல் வரியில் ஓர்டர் என்று ஓர் எண் இருக்கும். அதைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. கேர்னல் நினைவகத்தை 4 கேபி பேஜ்களாக வைத்து, அடுத்தடுத்த பேஜ்களை இரண்டின் அடுக்குகளில் கட்டி வைத்திருக்கிறது. ஓர்டர் 0 என்றால் ஒரு பேஜ், ஓர்டர் 1 என்றால் இரண்டு, ஓர்டர் 9 என்றால் 512 பேஜ், அதாவது 2 எம்பி, ஓர்டர் 10 என்றால் 4 எம்பி. கேட்ட அளவில் கட்டு இல்லாவிட்டால் பெரிய கட்டொன்றை இரண்டாகப் பிளந்து தரும், திரும்ப வரும்போது பக்கத்துப் பாதியும் சும்மா இருந்தால் இரண்டையும் சேர்த்து மீண்டும் பெரிய கட்டாக்கும். இதைத்தான் படி-அலோகேட்டர் என்கிறார்கள் (இங்கே படி என்பது கூட்டாளி என்ற ஆங்கிலச் சொல்). கணினி ஓட ஓட, சேர்க்க முடியாத பாதிகள் கூடிக்கொண்டே போகும். சீதனம் கொடுத்துக் கொடுத்துப் பிரிந்த குடும்பக் காணி மாதிரி: எல்லாத் துண்டையும் கூட்டினால் பத்துப் பரப்புக்கு மேல் வரும், ஒரே வளவாகப் பத்துப் பரப்புக் கேட்டால் கிடையாது. ஃப்ரீ கட்டளை காட்டும் “மீதி ஐந்து ஜிபி” என்பது அந்தக் கூட்டுத்தொகைதான், அதை நம்பி ஏமாற வேண்டாம்.

உண்மையான நிலவரம் /ப்ராக்/படிஇன்ஃபோ கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு ஸோனுக்கும், அதாவது நினைவகப் பிரிவுக்கும், ஒரு வரி, வரியில் பதினொரு நிரல், இடமிருந்து வலமாக ஓர்டர் 0 முதல் 10 வரை எத்தனை கட்டு சும்மா கிடக்கிறது என்ற எண்ணிக்கை. இடது பக்கம் ஆயிரக்கணக்கில் இருந்து, வலது பக்கம் பூச்சியமாகக் கிடந்தால் உங்கள் வியாதி துண்டாடல். எல்லா நிரலும் வற்றிக் கிடந்தால் நினைவகம் உண்மையாகவே தீர்ந்துவிட்டது, நீங்கள் கசிவு பற்றிய பகுதிக்குப் போக வேண்டும். டிமெசேஜில் கொட்டப்படும் விபரத்திலும் இதே கணக்கு வரும், அங்கே ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் யூ, எம், ஈ என்ற எழுத்துகள் நிற்கும். எம் என்றால் நகர்த்தக்கூடிய பேஜ்களுக்கான பகுதி, யூ என்றால் நகர்த்த முடியாதது, ஈ என்றால் தேவைப்பட்டால் மீட்கக்கூடியது.

இந்த நகர்த்தல் விஷயத்தை ஒருக்கா சோதித்துப் பார்க்கலாம். ரூட் ஆக இருந்து /ப்ராக்/சிஸ்/விஎம்/கம்பாக்ட்_மெமரி கோப்பில் 1 என்று எழுதுங்கள், பிறகு படிஇன்ஃபோவை மறுபடி பாருங்கள். வலது நிரல்களில் எண் ஏறியிருந்தால், இடையில் கிடந்தவை பயனர் ப்ரோகிராம்களின் பேஜ்களும் கோப்புக் கேஷும்தான், கேர்னல் அவற்றை ஒதுக்கி இடம் எடுத்துவிட்டது. ஏறவில்லை என்றால் கேர்னலே எடுத்து வைத்திருக்கும் பேஜ்கள் இடையிடையே முளைபோல நிற்கின்றன, அவற்றை யாரும் அசைக்க முடியாது. இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை. இதையே க்ரோனில் போட்டு மணிக்கொருதரம் ஓடவிட்டு “சரி வந்துட்டுது” என்று சொல்பவர்களும் உண்டு, பிறகு ஒரு நாள் அதுவும் கைவிடும்.

ஓர்டர் 3 வரை, அதாவது 32 கேபி வரை, ஜிஎஃப்பி_கேர்னல் என்ற வழமையான கோரிக்கைக் கொடியோடு கேட்டால் கேர்னல் விடாமல் முயற்சி செய்யும், தேவைப்பட்டால் வேறொரு ப்ராசஸைக் கொன்றாவது தரப் பார்க்கும். அதற்கு மேலே போனால் “விலை கூடிய கோரிக்கை” என்று எடுத்துக்கொண்டு, கொஞ்சம் முயன்றுவிட்டுக் கையை விரித்துவிடும். 64 கேபி கேட்ட ட்ரைவர் இடைக்கிடை தோற்பதும், 16 கேபி கேட்டது ஒருபோதும் தோற்காததும் இதனால்தான். அதற்காக 16 கேபிக்கு நல் சோதனை, அதாவது நினைவகம் கிடைக்காமல் வெற்று முகவரி வந்ததா என்ற சோதனை, போடாமல் விடாதீர்கள்.

இந்த அறிகுறி நம்மிடம் இவ்வளவு நாளும் ஒளிந்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். 2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் இங்கே எந்தக் கணினியும் தொடர்ந்து ஒரு நாள் ஓடியதில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பூட் ஆகும், படிஇன்ஃபோவின் வலது பக்கம் எப்போதும் நிரம்பி வழியும், ஓர்டர் 10 கேட்டாலும் உடனே கிடைக்கும். இப்போது மின்சாரம் ஒழுங்காக இருக்கிறது, யூபிஎஸ்ஸும் சோலரும் வந்துவிட்டன, அதே ட்ரைவர் வாரக்கணக்கில் ஓடுகிற பெட்டியில் போய் உட்கார்ந்ததும் பழைய பிழை தலைநீட்டுகிறது. ட்ரைவரைச் சோதிக்கும்போது புதிதாகப் பூட் ஆன கணினியில் மட்டும் சோதிக்காதீர்கள். பெரிய கேர்னல் மூலம் ஒன்றைக் கம்பைல் பண்ணவிட்டு, கூடவே ஒரு பெரிய அடைவைப் பிரதி எடுக்கவிட்டு, அதற்குப் பிறகு மொட்யூலை ஏற்றிப் பாருங்கள்.

தீர்வுக்கு வருவோம். பஃபரைத் தொடுவது சிபியு மட்டும் என்றால் கேமலாக்கை எடுத்துவிட்டு கேவீமலாக் போடுங்கள், விடுவிக்கும் இடத்தில் கேவீஃப்ரீ. 2017 இல் வந்த 4.12 கேர்னலிலிருந்து இது இருக்கிறது. முதலில் தொடர் நினைவகத்துக்கு முயன்று, கிடைக்காவிட்டால் சிதறிய பேஜ்களை எடுத்து மெய்நிகர் முகவரியில் ஒட்டித் தரும். பெரும்பாலானவர்களுக்குக் கதை இதோடு முடிந்துவிடும்.

டிஎம்ஏ பஃபர் என்றால் எப்போது எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு ஓப்பனிலும் எடுத்து ஒவ்வொரு க்ளோஸிலும் விடுகிற ட்ரைவர், கிடைத்த நல்ல வளவை வேண்டுமென்றே திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து அதே வளவைத் தேடுகிறது. ப்ரோபில் (ட்ரைவர் சாதனத்தோடு சேரும்போது ஓடும் பகுதி) ஒரு தடவை எடுத்து ரிமூவ் (பிரியும்போது ஓடும் பகுதி) வரை வைத்திருங்கள். நினைவகம் வீணாகுமே என்பார்கள். 4 எம்பியைப் பிடித்து வைத்திருப்பது, பத்தாவது நாள் வேலை செய்யாமல் போவதைவிட மலிவு. சாதனத்துக்குச் சிதறல் பட்டியல் புரியும் என்றால் இன்னும் நல்லது, 4 எம்பியை 64 கேபித் துண்டுகளாக எடுத்துப் பட்டியலாகக் கொடுங்கள்.

ஜிஎஃப்பி கொடிகளில் இரண்டு உதவும். பெரியதைக் கேட்டுப் பார்த்து, இல்லாவிட்டால் சிறியதுக்கு இறங்கும் கோடு என்றால் நோரீட்ரையும் நோவார்னும் சேர்த்துக் கேளுங்கள், கேர்னல் கெதியாக இல்லை என்று சொல்லிவிடும், டிமெசேஜும் நிரம்பாது. கட்டாயம் வேண்டும், கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை என்றால் ரீட்ரை_மேஃபெயில். நோஃபெயில் கொடியைப் பெரிய ஓர்டருக்குப் போடாதீர்கள், ஓர்டர் 1 ஐத் தாண்டினாலே கேர்னல் எச்சரிக்கும். கிடைக்கும் வரை வைல் லூப்பில் சுற்றுவதையும் கண்டிருக்கிறேன், அதைப் பற்றி ஒன்றும் சொல்ல விருப்பமில்லை.

முதல் தடவையே கிடைக்கவில்லை, பேஜ்_அலாக் கோப்பைக் காட்டி ஒரு வார்னிங்

நினைவகம் எவ்வளவு சும்மா கிடந்தாலும் எக்ஸ்86 இன் வழமையான அமைப்பில் கேமலாக் ஒரே தடவையில் 4 எம்பிக்கு மேல் தராது, ஓர்டர் 10 தான் மேல் வரம்பு. கமெரா ட்ரைவர் எழுதுபவர்கள் இதில் அழகாக மாட்டுவார்கள். 1920க்கு 1080 அளவுள்ள படம் ஒரு புள்ளிக்கு இரண்டு பைட் என்றால் 41,47,200 பைட். வரம்பு 41,94,304. மயிரிழையில் உள்ளே விழுந்துவிடும், ட்ரைவர் வேலை செய்யும், எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு யாராவது மூன்று பைட் வண்ண வடிவத்துக்கு மாற்றினால் 62,20,800 ஆகிவிடும், அல்லது படத்துக்கு முன்னால் 64 கேபி தலைப்பு ஒன்றைச் சேர்ப்பார்கள், மிச்சமிருந்த 46 கேபி போதாது. “நேற்று ஓடியது, ஒரு வரிதான் மாற்றினேன்” என்ற கதை இப்படித்தான் பிறக்கிறது.

வரம்புக்குள் இருந்தாலும் வீண் செலவு உண்டு. 8 கேபிக்கு மேல் கேட்டால் அடுத்த இரண்டின் அடுக்குக்குப் போய்விடும், 2 எம்பியும் ஒரு பைட்டும் கேட்டால் 4 எம்பி போகும். தொடர்ச்சி கட்டாயம் வேண்டும், அளவு அடுக்கில் விழவில்லை என்றால் அலாக்_பேஜஸ்_எக்ஸாக்ட் இருக்கிறது, மேலதிகமானதை உடனேயே திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் எடுக்கும் கணத்தில் அதற்கும் பெரிய கட்டுத்தான் தேவை, துண்டாடலுக்கு அது மருந்தில்லை.

வார்னிங்கில் வரும் அளவு நம்பவே முடியாத பெரிய எண்ணாக இருந்தால், அகலம், உயரம், எண்ணிக்கை என்று பெருக்கிய இடத்தில் 32 பிட் வழிந்திருக்கும் அல்லது மறை எண் ஒன்று உள்ளே போயிருக்கும். வெறும் பெருக்கலை விட்டு கேவீமலாக்_அரே பாவியுங்கள், வழிந்தால் அதுவே நல் தந்துவிடும். பயனர் பக்கமிருந்து வரும் எண் என்றால் இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட.

“வீமேப் அலோகேஷன் ஃபோர் சைஸ் 4198400 ஃபெயில்ட்”

இது வந்தால் அநேகமாக உங்களுடையது 32 பிட் கேர்னல். எக்ஸ்86 இல், சிதறிய பேஜ்களை மெய்நிகரில் ஒட்டித் தரும் வீமலாக்குக்கு ஒதுக்கிய மெய்நிகர் பரப்பு வழமையாக 128 எம்பிதான். ரேம் எவ்வளவு போட்டாலும் அது கூடாது. எண்ணைப் பாருங்கள், 4 எம்பியோடு 4096 கூடியிருக்கிறது, அது ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் வைக்கும் காவல் பேஜ். இதே பரப்பிலிருந்துதான் சாதனத்தின் நினைவகத்தைக் கேர்னலுக்குக் காட்டும் ஐஓரீமேப்பும் எடுக்கிறது, ஆகவே பெரிய நினைவகப் பரப்பைக் காட்டும் பிசிஐ கார்ட் ஒன்றை முழுதாக மேப் பண்ணினால் அதோடு தீர்ந்துவிடும். யார் விழுங்கியது என்று /ப்ராக்/வீமலாக்இன்ஃபோ சொல்லும். பூட் வரியில் (பூட் ஆகும்போது கேர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு வரி) வீமலாக்=256எம் என்று கொடுத்துப் பெருக்கலாம், ஆனால் அது கேர்னலின் தாழ் நினைவகத்தை, அதாவது கேர்னல் நேரடியாகத் தொடக்கூடிய பகுதியை, அவ்வளவுக்குக் குறைக்கும். பழைய டெஸ்க்டொப் ஒன்றில் 32 பிட் இயங்குதளத்தைப் போட்டு வைத்திருந்தால், சிபியு 64 பிட்டை ஏற்கிறதா என்று பார்த்து மாற்றிவிடுங்கள், அங்கே இந்தப் பரப்பு டெராபைட் கணக்கில் இருக்கிறது.

நினைவகம் கிடைத்தது, ஆனால் சாதனம் எழுதிய தரவு குப்பையாக வருகிறது

எல்லாவற்றிலும் பொல்லாத அறிகுறி இதுதான், ஏனென்றால் பிழைச் செய்தி எதுவும் வராமல் வேறு யாருடையோ நினைவகத்தில் சாதனம் எழுதிக்கொண்டிருக்கலாம். முதலில் சந்தேகிக்க வேண்டியது, வீமலாக்கில் எடுத்த முகவரியை, தொடர் பஃபரைச் சாதனத்துக்குக் காட்டும் டிஎம்ஏ_மேப்_சிங்கிளுக்குக் கொடுத்தீர்களா என்பது. அது மெய்நிகரில் மட்டும் தொடர், பௌதிகத்தில் சிதறல், அந்த முகவரியிலிருந்து நேரடியாகக் கணக்குப் போட்டுப் பௌதிக முகவரியை எடுக்க முடியாது. புதிய கேர்னல்கள் “ரிஜெக்டிங் டிஎம்ஏ மேப் ஒஃப் வீமலாக் மெமரி” என்று சொல்லி மறுத்துவிடும், பழையவை பேசாமல் தவறான முகவரியைத் தந்துவிடும்.

இதில் கேவீமலாக் ஒரு பொறி. மேலே அதைப் புகழ்ந்தேன், ஆனால் சிபியு பஃபருக்கு மட்டும். டிஎம்ஏ பஃபரை அதில் எடுத்தால், நினைவகம் துண்டுபடாத நாட்களில் உள்ளுக்குள் கேமலாக் வென்றுவிடும், எல்லாம் சரியாக ஓடும். துண்டுபட்டதும் சத்தமில்லாமல் வீமலாக்குக்கு மாறிவிடும், தரவு கெட்டுப்போகும். முன்பு ஒரு நேர்மையான பிழைச் செய்தியாவது வந்தது, இப்போது அதுவும் இல்லை.

ஸ்டாக்கில் வைத்த மாறியை டிஎம்ஏக்குக் கொடுப்பதும் அப்படித்தான். 4.9 இலிருந்து எக்ஸ்86 இல் கேர்னல் ஸ்டாக்கையே வீமலாக் பரப்பில் வைக்கலாம், முன்பு தற்செயலாக ஓடிய பழைய கோடெல்லாம் அதில் விழுந்தது. ஸ்டாக்கில் பெரிய வரிசை வைப்பது அதைவிட மோசம், 64 பிட்டில் மொத்த ஸ்டாக்கே 16 கேபிதான், கம்பைலர் ஃப்ரேம் அளவு பற்றி எச்சரித்தால் கண்ணை மூடாதீர்கள்.

சரியான வழி, பேஜ்களை ஒவ்வொன்றாகவோ சிறு கட்டுகளாகவோ எடுத்து, எஸ்ஜி_அலாக்_டேபிள்_ஃப்ரம்_பேஜஸ் மூலம் பட்டியலாக்கி, டிஎம்ஏ_மேப்_எஸ்ஜிக்குக் கொடுப்பது. சிபியு பக்கம் ஒரே தொடராகத் தெரிய வேண்டும் என்றால் அதே பேஜ்களை வீமேப் பண்ணிக்கொள்ளலாம். இங்கே இன்னொரு குழி உண்டு: டிஎம்ஏ_மேப்_எஸ்ஜி திருப்பித் தரும் எண், நீங்கள் கொடுத்த எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்கலாம், ஏனென்றால் ஐஓஎம்எம்யு அடுத்தடுத்த துண்டுகளைச் சேர்த்துவிடும். சாதனத்துக்கு எழுதும்போது திரும்பி வந்த எண்ணைப் பாவியுங்கள், அன்மேப் பண்ணும்போது முதலில் கொடுத்த எண்ணை. மாறிப்போனால் படத்தின் கடைசிப் பகுதி மட்டும் குப்பையாக வரும். பூச்சியம் வந்தால் மேப் ஆகவில்லை. தேடுவதற்கு டிஎம்ஏ-ஏபிஐ டீபக் போட்டுக் கட்டிய கேர்னலில் ஒருக்கா ஓடவிடுங்கள், கண்ணால் பிடிக்க முடியாததை அது பிடித்துத் தரும்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் குப்பை என்றால் டிஎம்ஏ மாஸ்க், அதாவது சாதனம் எத்தனை பிட் முகவரி வரை எட்டும் என்று ட்ரைவர் சொல்லும் அளவு. சாதனத்தின் முகவரிப் பதிவேடு 32 பிட், ட்ரைவரோ 64 பிட் மாஸ்க் போட்டிருக்கிறது என்றால், 4 ஜிபிக்கு மேலே விழுந்த பஃபரின் முகவரி வெட்டுப்பட்டு வேறு இடத்தைக் காட்டும். 4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் ஒழுங்காகவும் 16 ஜிபி உள்ளதில் கோளாறாகவும் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

டிஎம்ஏ_அலாக்_கோஹெரன்ட் நல் தருகிறது

சிபியுவும் சாதனமும் சேர்ந்து பாவிக்கும் பஃபரை எடுக்கும் ஃபங்ஷன் இது. சிஎம்ஏயும் ஐஓஎம்எம்யுவும் இல்லாத இடத்தில் இதுவும் அதே படி-அலோகேட்டரிடம்தான் போகும், அதே 4 எம்பி வரம்பு, அதே துண்டாடல். 2012 இல் 3.5 கேர்னலோடு வந்த சிஎம்ஏ, பூட் நேரத்தில் ஒரு பரப்பை ஒதுக்கி வைத்து, தேவைப்படாதபோது நகர்த்தக்கூடிய பேஜ்களுக்கு இரவல் கொடுக்கும், ட்ரைவர் கேட்டதும் அவற்றை வெளியே அனுப்பிவிட்டு இடத்தைத் தரும். பூட் வரியில் சிஎம்ஏ=256எம் மாதிரிக் கொடுத்து, /ப்ராக்/மெம்இன்ஃபோவில் சிஎம்ஏடோட்டல் அதைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் அந்தக் கேர்னலில் அது கட்டப்படவில்லை.

சிஎம்ஏ தோற்றால் டிமெசேஜில் எத்தனை பேஜ் கேட்டது, என்ன எண் வந்தது என்று இருக்கும். -12 என்றால் அந்தப் பரப்புக்குள் அவ்வளவு நீளத் துண்டு இல்லை, பரப்பைப் பெருக்குங்கள். -16 என்றால் கதை வேறு, இடம் இருக்கிறது, ஆனால் இரவல் வாங்கிய ஒருவர் பேஜை இறுகப் பிடித்துக்கொண்டு எழும்ப மாட்டேன் என்கிறார். இதற்குப் பரப்பைப் பெருக்கினாலும் உத்தரவாதம் இல்லை. ப்ரோபிலேயே எடுத்துவிடுவதுதான் நான் சொல்லும் வழி.

பழைய கோடிலிருந்து பிரதி பண்ணிய ஜிஎஃப்பி_டிஎம்ஏ கொடி ஏதாவது கிடக்கிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்86 இல் அது ஐஎஸ்ஏ காலத்து முதல் 16 எம்பிக்குள் இடம் கேட்கிறது. பெயரில் டிஎம்ஏ இருக்கிறதே என்று போடுகிறார்கள், உங்கள் பிசிஐ கார்டுக்கு அது வேண்டாம்.

“எஸ்டபிள்யூஐஓடிஎல்பி பஃபர் இஸ் ஃபுல்”

சாதனத்தால் எட்ட முடியாத முகவரியில் பஃபர் இருக்கிறது, ஐஓஎம்எம்யு இல்லை, ஆகவே கேர்னல் இடையில் ஒரு தாழ் நினைவகப் பரப்பு வழியாகப் பிரதி பண்ணுகிறது. அந்தப் பரப்பு வழமையாக 64 எம்பி. எல்லோரும் செய்வது பூட் வரியில் அதைப் பெருக்குவது. பல வேளைகளில் பயன் இருக்காது, ஏனென்றால் ஒரு தடவை மேப் பண்ணும் துண்டுக்கு 256 கேபி என்ற தனி வரம்பு உண்டு. செய்தியில் வரும் சைஸ் அதைத் தாண்டினால் எத்தனை ஜிபி கொடுத்தாலும் அதே செய்திதான் வரும். டிஎம்ஏ_மேக்ஸ்_மேப்பிங்_சைஸ் எவ்வளவு என்று கேட்டு அதற்குள் வெட்டுங்கள். அதற்கு முதல், சாதனம் 64 பிட்டை ஏற்குமா என்று பாருங்கள். ட்ரைவர் மாஸ்க்கே போடாவிட்டால் 32 என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும், டிஎம்ஏ_செட்_மாஸ்க்_அண்ட்_கோஹெரன்ட் என்ற ஒரு வரியில் பிரச்சினையே மறைந்துவிடலாம்.

“ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கோல்ட் ஃப்ரம் இன்வலிட் கொன்டெக்ஸ்ட்”

ஸ்பின்லொக் பிடித்துக்கொண்டோ இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளோ, அதாவது காத்து உறங்கக் கூடாத இடத்தில், ஜிஎஃப்பி_கேர்னலோடு கேட்டிருக்கிறீர்கள். ஜிஎஃப்பி_அட்டமிக் என்று மாற்றினால் செய்தி போய்விடும், அதோடு பெரிய துண்டு கிடைக்கும் வாய்ப்பும் போய்விடும். உறங்க முடியாத இடத்தில் கேர்னலால் மற்றப் பேஜ்களை நகர்த்தவோ மீட்கவோ முடியாது, கையில் இருப்பதைத்தான் தரும். பெரிய பஃபரை லொக்குக்கு வெளியே முதலே எடுத்து வையுங்கள், அல்லது பிறகு உறங்கக்கூடிய இடத்தில் ஓடும் வேர்க்கியூவுக்குத் தள்ளுங்கள். இந்தச் செய்தி டீபக் தெரிவு போட்ட கேர்னலில்தான் வரும், மற்றதில் கணினி இடைக்கிடை உறைந்து நிற்கும், காரணம் விளங்காது.

எம்மேப் பண்ணினால் முதல் 4096 பைட் சரி, பிறகு யாருடையோ தரவு

எம்மேப் என்பது பஃபரைப் பயனர் நிரலுக்கு நேரடியாகக் காட்டுவது. வீமலாக் பஃபரின் முதல் பேஜின் எண்ணை எடுத்து, முழு நீளத்துக்கும் ரீமேப்_பிஎஃப்என்_ரேன்ஜ் போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது பேஜிலிருந்து பயனர் நிரலுக்குத் தெரிவது கேர்னலின் அல்லது வேறொரு ப்ராசஸின் நினைவகம், இதை வெளியிட்டால் பெரிய பாதுகாப்பு ஓட்டை. வீமலாக்_யூசரில் எடுத்து ரீமேப்_வீமலாக்_ரேன்ஜ் பாவியுங்கள். வெறும் வீமலாக்கில் எடுத்ததை அதற்குக் கொடுத்தால் ஏற்காது. கோஹெரன்ட் பஃபருக்கு டிஎம்ஏ_எம்மேப்_கோஹெரன்ட்.

மொட்யூலைக் கழற்றும்போது விழுகிறது, அல்லது நினைவகம் மெல்ல மெல்லக் குறைகிறது

எடுத்தவிதம் ஒன்று, விட்டவிதம் ஒன்று. வீமலாக்கை கேஃப்ரீ பண்ணினால் அநேகமாக ஊப்ஸ் (கேர்னலே விழுந்ததைச் சொல்லும் செய்தி), கேமலாக்கை வீஃப்ரீ பண்ணினால் இல்லாத பரப்பை விடுவிக்கப் பார்த்ததாக வார்னிங். கேவீமலாக் என்றால் எப்போதும் கேவீஃப்ரீ.

கசிவுக்கு கேமெம்லீக் நல்ல கருவி, ஆனால் அலாக்_பேஜஸில் நேரடியாக எடுத்தவற்றை அது பின்தொடர்வதில்லை. பெரிய துண்டுகள் அனேகமாக அப்படித்தான் எடுக்கப்படுகின்றன, எனவே கேமெம்லீக் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காகக் கசிவில்லை என்று முடிவெடுக்காதீர்கள். பேஜ்_ஓனர்=ஒன் என்று பூட் பண்ணி, டீபக்எஃப்எஸ்ஸில் பேஜ்_ஓனர் கோப்பைப் பார்த்தால் ஒவ்வொரு பேஜையும் எந்தக் கோட் எடுத்தது என்று வரும். பிழை வழிகளில் விடுவிக்க மறப்பதுதான் வழமையான காரணம், டிஎம்ஏஎம்_அலாக்_கோஹெரன்ட் மாதிரிச் சாதனத்தோடு கட்டிய வகைகளைப் பாவித்தால் அந்தத் தலையிடி இல்லை.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் 64 எம்பி ஒரே துண்டாக வேண்டும்

சிஎம்ஏயும் சரிவராத, சிதறல் பட்டியலும் புரியாத சாதனத்துக்கு, பூட் நேரத்தில் கேர்னலிடமிருந்து மறைத்து வைப்பதுதான் மிச்சம். ஆர்ம் பலகைகளில் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் ரிசேர்வ்ட்-மெமரி என்ற முனை இருக்கிறது, சுத்தமான வழி அது. எக்ஸ்86 இல் பூட் வரியில் மெம்மேப், அளவு, டொலர் குறி, தொடக்க முகவரி என்று கொடுக்க வேண்டும். தொடக்க முகவரி உண்மையாகவே ரேம் இருக்கும் இடமா என்று டிமெசேஜின் மேல் பகுதியில் வரும் ஈ820 என்ற நினைவக வரைபடப் பட்டியலில் பாருங்கள். பூட் ஆனபிறகு /ப்ராக்/ஐஓமெம் கோப்பில் அந்தப் பரப்பு ரிசேர்வ்ட் என்று வர வேண்டும், ட்ரைவர் அதை மெம்ரீமேப் பண்ணி எடுத்துக்கொள்ளும்.

டொலர் குறியில் கவனம். கேர்னலை ஏற்றும் பூட் லோடரான கிரப் அதை மாறியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, குறியையும் பின்னால் வருவதையும் விழுங்கிவிடும், கேர்னலுக்குப் போய்ச் சேர்வது மெம்மேப்=64எம் மட்டும். அதற்கு அர்த்தம் மொத்த நினைவகமே 64 எம்பி என்று எடுத்துக்கொள் என்பதுதான், கணினி பூட் ஆகாமல் நின்றுவிடும். கிரப் அமைப்புக் கோப்பில் டொலருக்கு முன்னால் மூன்று பின்சாய்வு போட்டு, உருவான கிரப் கோப்பைத் திறந்து பார்த்து, ஒரு பின்சாய்வாவது மிஞ்சியிருக்கிறதா என்று உறுதி செய்த பிறகு ரீபூட் பண்ணுங்கள். மாட்டிக்கொண்டால் கிரப் மெனுவில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியிலிருந்து அந்த மெம்மேப்பை அழித்துவிட்டு, கொன்ட்ரோல் எக்ஸ் அழுத்துங்கள். அந்தத் தடவை பழையபடி எழும்பும், அதற்குள் கோப்பைத் திருத்திவிடலாம்.